கடலுக்கடியிலும் நம் நிலம்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

நாடுகளின் வழக்கை விசாரிக்கும் இந்தக் கோர்ட்டில் நான் தண்ணீர் ஊற்றாவிட்டால் எந்த நீதிபதிக்கும் தொண்டை திறக்காது. இப்போது கடலடி நிலத்துக்கு இரண்டு நாடுகள் மல்லுக்கு நிற்கின்றன. "எங்க நிலம்தான் கடலுக்கடியில அவ்வளவு தூரம் நீண்டு வருது" என்கிறது ஒன்று. "எங்களுக்குத்தானே பக்கம்" என்கிறது மற்றது. எனக்கு நம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஞாபகம் வந்துவிட்டது.

"பக்கத்துல இருந்தா சொந்தமாயிடுமாய்யா?" என்று கத்திவிட்டேன். சபையே அசந்துபோனது. கொஞ்சம் காற்று வாங்கி வரும்படி மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். பயப்படாதே, வேலை இருக்கிறது.

உன் கடிதம் முழுக்க அவன்தான். ஃபேன் மாட்டினானாம், மிக்ஸி பார்த்தானாம், சிரிக்கச் சிரிக்கப் பேசினானாம். என் பழைய செருப்பை வாசலில் போட்டு வை, இது என் வீடு என்று அவனுக்கு ஞாபகம் இருக்கட்டும். இனி எது கெட்டாலும் அப்படியே கிடக்கட்டும், நான் வந்து பார்க்கிறேன்.

மணி அடிக்கிறது. எனக்கு ரிப்பேர் தெரியாதென்று அவனிடம் மட்டும் சொல்லிவிடாதே.