காலில் விழாத மருமகள்

சார்,

இன்று காலை பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இரும்பு வேலியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை என் வீடு வரை ஏறி வந்தது. ஸ்டூடியோவில் கார்பன் விளக்கு எரியும் அதே வாடை. மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். எனக்கு எழுத்து தெரியாதே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்கப்பா, ஓடாதீங்க லா" என்கிறாள்.

அந்த மருமகள் காட்சி எடுத்த அன்று நான் ஸ்டூடியோப் பரண் மேல் விளக்கோடு இருந்தேன். கீழே டைரக்டராக நீங்கள். மதராஸிலிருந்து வந்து மலாய்ப் படம் எடுத்தீர்கள். மலாய் சரியாக வராது. வசனம் முழுவதையும் தமிழ் எழுத்தில் நோட்டில் வைத்திருப்பீர்கள். முந்தின இரண்டு படமும் ஓடவில்லை. இந்தக் காட்சி இன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடு என்று காலையில்தான் முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காட்சி சின்னதுதான். கோபித்துப் போன மருமகள் திரும்பி வந்து மாமியார் காலில் விழ வேண்டும். மருமகளாக நடித்த மலாய்ப் பெண் மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் நின்றுவிட்டாள்.

"விழும்மா!"

"தா போலே, துவான்." முடியாது என்றாள், தரையைப் பார்த்தபடி.

நோட்டைத் தரையில் அடித்தீர்கள். "எங்க ஊர்ல எத்தனை படத்துல விழுந்திருக்காங்க! இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

வாசலில் முதலாளியின் கார் நிற்கும் சத்தம் கேட்டது. 

மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் அவர்கள் நடுவே வளர்ந்தவன் நான். அவள் விழ மாட்டாள் என்று ஒத்திகையிலேயே எனக்குத் தெரியும். விளக்குக்காரன் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சும்மா இருந்தேன். கார் சத்தம் கேட்டதும் இறங்கி வந்தேன்.

"சார், ஆண்டவனைத் தவிர யாரையும் இவங்க விழுந்து கும்பிட மாட்டாங்க. பெரியவங்க கையைப் பிடிச்சு முத்தம் வைப்பாங்க."

"மேல விளக்கை யாருடா பார்க்கிறது, உங்க தாத்தாவா?" என்று சீறினீர்கள். அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். உங்கள் குரல் இறங்கியது. "எப்படி? காட்டு."

உங்கள் கையை என் இரண்டு கைகளிலும் வாங்கி, குனிந்து முத்தம் வைத்தேன். "இப்படியா?" என்று அவளைக் கேட்டீர்கள். தலையாட்டினாள். அடுத்த டேக்கிலேயே முடிந்தது. மாமியாராக நடித்தவர் நிஜமாகவே அழுதுவிட்டார்.

முதலாளி பாராட்டியபோது, "என் யோசனை" என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. படம் ஓடியது. நீங்கள் இங்கேயே தங்கிவிட்டீர்கள். அப்புறம் தேக்கா சந்தையில் எதிரே பார்த்தாலும், "என்னடா விளக்கு" என்பதோடு சரி. திரையில் உங்கள் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

உங்களைத் தகனம் செய்த அன்று நானும் வந்திருந்தேன். யாருக்கும் அஞ்சாத மனுஷன் என்று பேசினார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று நான் வாங்கிய கை என்னமாய் நடுங்கியது! அந்த நடுக்கம் முதலாளி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான், முத்தம் வைத்த பிறகும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தக் கையை மட்டும் இன்னும் விடவில்லை, சார்.