நான்காவது டாங்க்

ஜனவரி 9, செவ்வாய்

இன்று வகுப்பில் சுத்தியலை எடுத்தேன்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு மடக்கு மேஜை செய்துகொண்டு வந்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. யார் வாங்குவார்கள், என்ன விலை, எத்தனை வருஷம் உழைக்கும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார்கள். எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து போய் நட்டநடுவில் ஒரே அடி. பிளந்துகொண்டது. மூவரில் நெட்டையாக இருந்தவன் என் மார்பில் கை வைத்துத் தள்ளினான்.

"மூணு வாரம் சார்! தூங்காம செஞ்சது!"

"வாங்கினவன் வீட்ல இதைவிடக் கேவலமா உடையும்டா. அப்ப அவன் நெஞ்சுல கை வைப்பியா?"

தள்ளிய கையில் பலம் இருந்தது. எனக்குப் பிடித்தது. சொல்லவில்லை.

மாலை துறைத்தலைவர் கூப்பிட்டார். "அய்யா, இது பல்கலைக்கழகம். பட்டறை இல்ல."

"பட்டறைக்காரன்தான் வேணும்னு என் வாசல்ல வந்து நின்னது நீங்கதானே?"

பேனாவை மூடினார். எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 10, புதன்

பாடத்தின் பெயர் தொழில்முனைவு. முப்பத்தெட்டு வருஷமாக நான் செய்துகொண்டிருந்தது அதுதானாம். இப்போதுதான் பெயர் தெரிகிறது.

எட்டாவதோடு நின்றவன். காற்றழுத்த டாங்க் செய்கிறேன். தகடு வளைப்பது, பற்றவைப்பது, விலை பேசுவது, ஏமாற்ற வந்தவனை வாசலிலேயே அடையாளம் காண்பது, எல்லாம் அடிபட்டு, சூடுபட்டு, நானே கற்றது. இதே பல்கலைக்கழகத்துக்கு ஒரு காலத்தில் டாங்க் இறக்க வந்தேன். கையொப்பம் போடுகிறவர் சாப்பிட்டு வரும்வரை மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு நாற்காலி தரவில்லை. இப்போது மைக் தருகிறார்கள். வாங்கிக்கொள்வேன். அதற்காக நாற்காலியை மறப்பேனா?

ஜனவரி 23, செவ்வாய்

விரல் கதையைச் சொன்னேன். எனக்கு முப்பது வயதில் இடது கையில் இரண்டு விரல் வெட்டு இயந்திரத்தில் போனது. மறுநாள் சரக்கு போக வேண்டிய தேதி. துணியைச் சுற்றிக்கொண்டு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி போனேன். கையைத் தூக்கிக் காட்டினேன்.

"மேஜை உடையலாம். விரல் போகலாம். தேதி போகக் கூடாது. என் வகுப்புல சட்டம் ஒண்ணுதான்."

அறுபது பேரும் கை தட்டினார்கள். நெட்டை எழுந்து நின்று தட்டினான்.

நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

உடைந்த மேஜைக் கூட்டம் பிழைத்துக்கொண்டது. நெட்டை, குண்டன், அப்புறம் வாயாடி என்று நான் பெயர் வைத்திருக்கும் பெண். மேஜையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, சுவருக்குப் பெயிண்ட் தெளிக்கிற சின்ன அழுத்த டாங்க் செய்யப் போகிறார்களாம். ஒரு பெயிண்ட் கான்ட்ராக்டரைப் பிடித்துப் பத்து டாங்குக்கு ஆர்டர் வாங்கிவிட்டார்கள். தேதி பிப்ரவரி 23.

வாயாடி கேட்டாள்: "இதையும் உடைப்பீங்களா சார்?"

"இதை நீங்களே உடைக்கணும். தண்ணி நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு ஒன்றரை மடங்கு ஏத்தி."

"ஏன் தண்ணி? காத்து அடிச்சு சோப்பு நுரை பூசினா ஓட்டை சீக்கிரம் தெரியுமே?"

"தண்ணி நிரம்பின டாங்க் கிழிஞ்சா தரை நனையும். காத்து நிரம்பினது கிழிஞ்சா ஆள் கிழிவான்."

எழுதிக்கொண்டாள். இதை நான் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். இங்கே குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 21, புதன்

மச்சானோடு சண்டை. பற்றவைப்பில் என் பட்டறையின் மூத்த ஆள், என் வீட்டுக்காரியின் தம்பி. நான் வாரம் இரண்டு நாள் பல்கலைக்கழகம் போவதால் வேலை படுத்துவிட்டது என்கிறான். என் வீட்டுக் கூடத்திலேயே நின்று கத்துகிறான். "மாமா, உங்களுக்கு மைக் ருசி கண்டுபோச்சு." வாயைக் கிழித்துவிடுவேன் என்றேன். "கிழிங்க, தைக்கவும் நீங்களே கத்துக்குவீங்க" என்றான். தட்டை எடுத்து வீசினேன். சுவரில் பட்டு நெளிந்தது.

அதே நேரத்தில் வாயாடியின் போன். தண்ணீர் வைத்துச் சோதித்தால் உள்ளே காய்ந்து பூச்சு கொடுக்க இரண்டு நாள் ஆகுமாம். வெள்ளிக்கிழமை தர முடியாதாம். என்ன செய்யட்டும் என்று கேட்டாள். என்னவோ சொல்லி வைத்தேன்.

மச்சான் நாளை வரமாட்டானாம். வராமல் எங்கே போவான்.

பிப்ரவரி 22, வியாழன்

நான்காவது டாங்க் வெடித்தது.

பல்கலைக்கழகச் செய்முறைக் கொட்டகையில் காற்றில் சோதித்திருக்கிறார்கள். மூன்று தாங்கின. நான்காவதன் மூடித் தகட்டில் பற்றவைப்பு உள்ளே இறங்கவில்லை, மேலே மட்டும் பிடித்திருக்கிறது. நெட்டை குனிந்து அந்தத் தையலில் நுரை பூசிக்கொண்டிருந்தான். குமிழி வருகிறதா என்று பார்க்க முகத்தைக் கிட்டத்தில் வைத்திருக்கிறான். வால்வு வாயாடியின் கையில்.

நான் பக்கத்துக் கட்டிட மாடியில் இருந்தேன். தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. ஓடினேன். கூரைத் தகட்டில் தட்டளவு ஓட்டை, வானம் தெரிந்தது. குண்டன் காதைப் பொத்திக்கொண்டு "வால்வை முழுசாத் திறந்துட்டா சார், ஒரேயடியா முழுசாத் திறந்துட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வாயாடி தரையில் உட்கார்ந்து நெட்டையின் தலையை மடியில் வைத்திருந்தாள். கீழ்த்தாடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடது கண்—

நுரையும் ரத்தமும் கலந்து ரோஸ் நிறத்தில் வழிந்தது. தகட்டைப் பிடிக்கிற வைஸ் மேஜையில் ஒரு பல்.

சுவரில் துறைத்தலைவர் ஒட்டிய பெரிய எழுத்து: சோதனை தண்ணீரால் மட்டுமே.

பிப்ரவரி 23, வெள்ளி

ஆஸ்பத்திரி. கண் போய்விட்டது. தாடைக்கு இரும்பு வைத்திருக்கிறார்கள்.

நெட்டையின் அப்பா லாரி ஓட்டுகிறவர். பாதிச் சரக்கோடு வண்டியை வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "விரல் போனாலும் தேதி போகக் கூடாதுன்னு சொன்ன ஆளு நீதானா? வீட்ல வந்து அதையேதான்யா சொல்லிட்டிருந்தான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குத்து வாயிலேயே விழுந்தது. கீழே விழுந்தேன், எழுந்தேன், அவர் கழுத்தைப் பிடித்தேன். சுவரோடு வைத்து நெரித்தேன். அவர் முட்டியால் உதைத்தார். இரண்டு நர்ஸும் ஒரு காவலாளியும் இழுத்துப் பிரித்தார்கள். எனக்கு ஒரு பல் ஆடுகிறது.

பிள்ளைக்குக் கண் போன மனுஷன். அவரைத் திருப்பி அடித்திருக்கிறேன்.

அடித்தேன். அவர் முதலில் அடித்தார். அடித்தேன்.

பிப்ரவரி 24, சனி

கான்ட்ராக்டர் போன் செய்தான். பத்து டாங்க் எங்கே என்று கேட்கிறான். இன்னொரு தரம் கேட்டால் உன் வீட்டுக்கு வந்து உன்னை வெட்டுவேன் என்றேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

விசாரணைக் குழு. துறைத்தலைவர், பதிவாளர், வெளியிலிருந்து ஓர் அம்மா. என் மேல் பாய்வார்கள் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போனேன். பாயவில்லை. நாற்காலி தந்தார்கள், காபி தந்தார்கள். "நீங்க தண்ணின்னுதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அந்தப் பொண்ணு நோட்டுலயே இருக்கு. சுவர்லயும் எழுதியிருக்கு. தெரிஞ்சே மீறியிருக்கா. வால்வும் அவ கையில" என்றார் துறைத்தலைவர். நீக்கம், அதன்மேல் போலீஸ் புகார்.

இரண்டும் அந்தப் பெண் மேல்.

"முந்தின நாள் உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். வாயாடி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டறையில ஆயிரம் போன் வரும்" என்றேன்.

பிப்ரவரி 28, புதன்

வீட்டுக்காரி சாப்பாடு வைக்கவில்லை. "என்னங்க, அந்தப் பொண்ணு போன் பண்ணப்ப நான் இங்கதான் நின்னேன்" என்றாள்.

"நின்னா?"

"பட்டறையில வந்த போன்னு சொன்னீங்களாம். இது பட்டறையா? நீங்க சொன்னதைச் சொல்லட்டுமா?"

சொல்லாதே என்றேன். சொன்னாள்.

அடுப்பங்கரையில் கைக்கு எட்டியது எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவள் நகரவில்லை. உடைந்து முடிந்ததும் துடைப்பத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 1, வெள்ளி

பல்கலைக்கழக மாடிப்படியில் வாயாடியைப் பிடித்தேன். இரண்டு கையிலும் கட்டு. நெட்டையின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தகட்டு விளிம்பு கிழித்ததாம்.

"ஏன் சொல்லல? உனக்கென்ன வாய் இல்லையா?"

"நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றான்னு சொல்வாங்க சார்."

"அதுக்கு?"

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்."

என்னைச் சோதிக்கிறாயா, நேற்று முளைத்தவள், நான் யார் தெரியுமா— கத்தினேன். கையை ஓங்கினேன். ஓங்கிவிட்டேன். படி முழுக்கப் பிள்ளைகள். அவள் கண்ணை மூடவில்லை. கை அந்தரத்தில் நின்றது, இரண்டு விரல் இல்லாத கை. எத்தனை நேரம் நின்றதோ.

"அடிங்க சார். ஆனா சொல்லிடுங்க."

மார்ச் 2, சனி

பட்டறையில் யாரும் இல்லை. மச்சான் இன்னும் வரவில்லை. நான்காவது டாங்கின் கிழிந்த மூடியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பார்த்தேன். நெட்டை பற்றவைத்தது. அவசரத்தில் செய்தது, கம்பியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான், உருக விடவில்லை. தண்ணீர் வைத்திருந்தால் கிழிந்து தரை நனைந்திருக்கும். திட்டியிருப்பேன். திங்கட்கிழமை மறுபடி பற்றவைத்திருப்பான்.

நான் காற்று என்று சொல்லவே இல்லை. எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன், சொல்லவே இல்லை.

என்ன சொன்னேன் என்பதை இன்னும் இந்த நோட்டில் எழுதவில்லை.

"தேதி போச்சுன்னா வகுப்புப் பக்கம் முகத்தைக் காட்டாதீங்க. என்ன செய்யறதுன்னு என்னைக் கேக்காதே. நான் யாரையும் கேக்கல." போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

நானாகவே போய்க் குழுவில் சொன்னேன். நான் சொன்னது சொன்னபடி. மன்னிப்புக் கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். பதிவாளர் எழுதிக்கொண்டார். துறைத்தலைவர், "அய்யா, இதுக்கு அர்த்தம் என்னன்னு தெரியுதா? எல்லாம் உங்க தலையில வந்து விழும்" என்றார்.

"என் தலை. விழட்டும்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அது சாய்ந்தது. எடுத்து வைக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

வாயாடிக்கும் குண்டனுக்கும் ஒரு பருவம் இடைநிறுத்தம். நீக்கம் இல்லை. என் பாடத்தை எடுத்துவிட்டார்கள். போலீஸ் வழக்கு என் மேல்.

வீட்டுக்காரி திரும்பி வந்திருக்கிறாள். புதுப் பாத்திரங்களோடு. 

ஏப்ரல் 18, வியாழன்

மச்சான் ஒரு வக்கீலைக் கூட்டி வந்தான். வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "ரொம்ப சுலபம் பெரியவரே. குற்றவாளிப் பட்டியல்ல நீங்க ஒருத்தர்தான். அந்தப் பொண்ணு முதல் சாட்சி. போன்ல என்ன பேசினோம்னு சரியா ஞாபகம் இல்லைன்னு அவ சொன்னாப் போதும். வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாக்கட்டுமா?"

அவர் சட்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனேன். காகிதங்கள் தெருவில் பறந்தன. மச்சான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"அவருதான் மாமா உங்களைக் காப்பாத்த வந்தவரு!"

"அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல எவன் போய் நின்னாலும் காலை முறிப்பேன். உன்னையும் சேத்துத்தான்."

பொறுக்கிய காகிதங்களை வக்கீல் கையில் கொடுத்தான். அப்புறம் உள்ளே போய்ப் பற்றவைப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை பத்தரைக்கு அழைத்தார்கள். நான் கூண்டில். எனக்கு வக்கீல் இல்லை. நெட்டை முதல் வரிசையில், அப்பாவுக்குப் பக்கத்தில். கறுப்புக் கண்ணாடி. தாடை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. ஸ்ட்ரா போட்டு ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பார்வையை நான்தான் திருப்பினேன்.

வாயாடி சாட்சி சொன்னாள். நான் போனில் சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவில் "மக்கு" என்றும் திட்டியிருக்கிறேன். அது எனக்கு மறந்துவிட்டது, அவளுக்கு மறக்கவில்லை.

"கோபமா சொன்னாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"கத்தினார் சார். ஆனா அவர் சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட கத்தித்தான் கேப்பார்."

சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார்.

"காத்துல சோதிக்கச் சொன்னாரா?"

"சொல்லல. தண்ணியில வைன்னும் சொல்லல. அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்போம். தேதி போயிருக்கும், போகட்டும்னு விட்டிருப்போம். அவர் சொன்னா செய்வோம் சார். அதுக்குத்தான் அவரைக் கேட்டேன்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். சாட்சியிடம் நான் கேட்க ஏதாவது இருக்கிறதா?

இருந்தது. வால்வை எத்தனை சுற்றுத் திறந்தாய் என்று கேட்டிருக்கலாம். கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திறக்க வேண்டும். முழுவதும் திறந்தது அவள் கை. அதைப் பார்த்த குண்டனும் சாட்சி சொல்ல கோர்ட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். அவள் நெற்றியில் வியர்வை. இதைத்தான் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றும் இல்லை என்றேன்.

நீதிபதிக்குக் கேட்கவில்லை. கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

இன்னொரு முறை சொன்னேன்.