சுவருக்குக் காட்டிய கன்னம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், அதாவது இப்போது நலம். அம்மாவும் நலம், என்மேல் கோபம் மட்டும் தீரவில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போன மாதம் நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பியே உட்கார்ந்திருந்தேன். சொல் பேச்சு கேட்காமல் தூர தேசத்துக்கு வேலைக்குப் போனதில் அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று அம்மாவிடம் அழுதாயாம். அட கழுதை, கோபமெல்லாம் இல்லை. வாயின் வலது ஓரம் கோணியிருந்தது, பார்த்தால் நீ அடித்துப் பிடித்து ஓடிவருவாய் என்றுதான் அந்தக் கன்னத்தைச் சுவருக்குக் காட்டினேன். ஒரு வீட்டு மாடியில் குழாய் மாற்றும்போது கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது, எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. ஸ்கேனில் மூளைக்குள் இடது பக்க ரத்தக்குழாய் நூலாகச் சுருங்கியிருந்தது. மாத்திரை போட்டும் இரண்டு தடவை வலது கை மரத்துப்போனது, அதனால் குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே ஸ்டென்ட் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள்.

தொடை வழியாகக் கம்பி விட்டார்கள், போகவில்லை. டாக்டரம்மா மறைக்காமல் படம் வரைந்து காட்டினார். எல்லாருக்கும் நெஞ்சிலிருந்து மூளைக்குத் தனியாகக் கிளம்புகிற இடது குழாய் எனக்கு வலது குழாயிலிருந்து கிளையாகப் பிரிந்து சட்டென்று வளைகிறதாம். முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் சும்மா இருப்பேனா, யாரும்மா இந்த லைன் போட்டது, ஆளைக் கூப்பிடுங்க என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, வலது மணிக்கட்டு வழியா போனா அந்த வளைவு நமக்குத் தோதா இருக்கும், ஆனா பேச்சு போகலாம், உயிருக்கும் ஆபத்து இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதுதான் பகீரென்றது. சாவுக்குப் பயமில்லை தங்கம், அப்பா கோபத்தோடேயே போய்விட்டார் என்று நீ காலமெல்லாம் நினைப்பாயே என்றுதான் பயந்தேன். மறைத்தது என் முட்டாள்தனம்.

மரத்துப்போன அதே கை வழியாகத்தான் போய் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தக் கையால் தினம் நாலு வரி எழுதிப் பழக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதனால் இந்தக் கடிதத்துக்கு எட்டு நாள் பிடித்தது. முதல் வரியின் கோணல் எழுத்தையும் இந்த வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, நேராகவே உட்காருகிறேன். வாய் இன்னும் கொஞ்சம் கோணல்தான். சிரித்துக்கொள், அழக் கூடாது.

உன்மேல் கோபமே இல்லாத
அப்பா