நிர்வாக டொமைனுக்கு மட்டும்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே சாரல். முக்கூடல் பஸ்ஸுல ஒரு தோள் முழுக்க நனைஞ்சாச்சு.

வேலை: மிடில்வேரைத் திருத்தணும். ஒரே அப்ளிகேஷன்ல மூணு டொமைன், அதாவது மூணு இணைய முகவரி ஓடுது. ஆஸ்பத்திரி டோக்கன், ஒரு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான நிர்வாகப் பக்கம். வர்றவங்களை நிறுத்தி லாகின் கேக்கிற மிடில்வேர் நிர்வாகத்துக்கு மட்டும் போதும். வெள்ளிக்கிழமை தப்பா மூணுக்கும் போட்டுட்டுப் போயிருக்கேன்.

பதினோரு மணிக்கு போன். ராதாபுரத்துப் பெரியவர். "ஏம்மா, டயாலிசிஸ் டோக்கன் போடப் போனா பாஸ்வேர்டு கேக்கு. எங்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லியே." நானே பதிஞ்சு கொடுத்தேன்.

மதியத்துக்குள்ள சரி. நிர்வாக டொமைன் பேர்ல வந்தா நிறுத்து, இல்லைன்னா விடு.

ஜூன் 10, செவ்வாய்

ஒரே காத்து. கண்ணுல மண்ணு. புளிசாதம், தொட்டுக்க எடுத்துட்டு வர மறந்தாச்சு.

சும்மா, நிர்வாக முகவரிக்கு முன்னால www சேர்த்துப் பாத்தேன். லாகின் கேக்கலை. அப்படியே திறக்குது. நோயாளிங்க பேர், போன் நம்பர், என்ன வியாதி, எல்லாம். நேத்து மதியத்துல இருந்து.

www வச்ச பேரை நிறுத்தச் சொல்லி நான் எழுதவே இல்லை; அதையும் சேர்த்து அடைச்சேன். யார் யார் வந்தாங்கன்னு சர்வர் பதிவுகளைத் தேடினா, வெளி ஆள் ஒருத்தர் வந்து போயிருக்கார். யாருன்னு தெரியலை.

முதலாளிகிட்ட சொன்னேன். அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதோம்.

"அடைச்சாச்சுல்லா?"

"அடைச்சாச்சு அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்."

"சொன்னா ஒப்பந்தம் போயிரும். அப்படியே விடு."

வாசல் தாண்டும்போது பின்னாலேயே, "ஒன் ஒரிஜினல் சர்டிபிகேட்டுலாம் இங்கனதான கெடக்கு? நீ எழுதிக் கொடுத்த பாண்டு முடிய இன்னும் ரெண்டு வருஷம்லா." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

ஜூன் 11, புதன்

வேலைல சேர்ந்த அன்னிக்கு நானே கவர்ல போட்டுக் கொடுத்தது. பத்தாம் வகுப்புல இருந்து பி.இ. வரை. இப்ப அவர் பீரோக்குள்ள. அது இல்லாம வேற எங்க போய்ச் சேர?

அம்மா டிபன் கட்டிக்கிட்டே: "ஏளா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்."

சும்மாதான் இருந்தேன். நாள் பூரா. அந்த வெளி ஆள் எந்தப் பேரைப் படிச்சிருப்பான்?

பக்கத்து சீட் மைதீன்கிட்ட மட்டும் சொன்னேன். "நான் கண்டுபிடிச்சதா ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டுமா? வேலை போனாலும் எனக்கு கல்ஃப்ல மாமா இருக்காரு"ன்னான். அவன் சர்டிபிகேட்டும் அந்த பீரோலதான். வேண்டாம்னுட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பத்தரைக்கு ஆஸ்பத்திரி மேலாளர் மேடத்துக்கு போன் போட்டேன். நடந்தது, நேரம், தப்பு என்னோடதுங்கிறது, எல்லாம் சொன்னேன். அவங்க கேட்டது: "எழுத்துல கொடுங்க." கொடுத்தேன். கீழ என் பேர். அண்ணாச்சிக்கு ஒரு நகல்.

பன்னெண்டு மணிக்கு அண்ணாச்சி என் சீட்டுக்கு வந்தார். கத்தலை. "ஒனக்கு இனி இங்கன வேலை இல்லை. சர்டிபிகேட்டை ரெண்டு வருஷம் கழிச்சு வந்து கேளு."

மைதீன் எழுந்து நின்னான். "எனக்குள்ளதையும் சேத்துக் கொடுத்துருங்க அண்ணாச்சி. இப்பவே."

ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

மணி ரெண்டு. அவர் ரூம் வாசல்ல நிக்கோம், ரெண்டு பேரும். கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கு.