சஹனில் இரண்டு கை

கனமூலை, புத்தளம்
வியாழன்

அன்பு மகள் ஸஃப்னாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளைகள் இருவரும் நல்ல சுகத்தோடும் நல்ல பசியோடும் இருக்க துஆ செய்கிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். உம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பா. பக்கத்தில் இருந்துகொண்டு நான் உண்மை சொல்ல வழியில்லை. நம் ஊர்ப் பையன் ரிப்கான் நாளை தோஹா வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். சாப்பிட்டீங்களா என்று நீ கேட்கும்போதெல்லாம், ஓம் மகள், வயிறு நெறஞ்சி போச்சு என்பா உம்மா. பொய் சொல்லாத மனுஷி. இந்த ஒன்றை மட்டும் வேளை தவறாமல் சொல்கிறா.

முதலில் மீனில் பிழை கண்டா. பாரை தண்ணீர் மாதிரி இருக்கிறதாம், மீன்காரனை மாற்றினோம். பிறகு மிளகாய்த்தூளில் பிழை. பிறகு உப்பில் உப்பில்லை என்றா. உப்பு விளைகிற புத்தளத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்ன முதல் ஆள் உன் உம்மாதான். கறிக்கு அள்ளி அள்ளிப் போட்டா. நான் வாய் திறக்காமல் தின்றேன். கல்யாணமான நாளில் தொடங்கிய பழக்கம். உம்மாவுக்குப் பிரஷர் ஏறியது.

நீ தோஹாவில் இருந்து சட்டம் போட்டாய்: உப்பு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, கருவாடு இல்லை. அன்பில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சாவு நடந்த மையத்து வீட்டுக்குக்கூட அயலில் இருந்து நல்ல கறி வரும். நீ அனுப்பிய ஓட்ஸை உம்மா தொடவில்லை. கோழிகளுக்குப் போட்டேன். அவை பக்கத்து வீட்டு நஃபீஸாவின் முற்றத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

இப்போது அவ பிளேன்டீயில் நாளைக் கடத்துகிறா. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. தொழுகையில் ஸுஜூதில் இருந்து எழும்பக் கதிரைக் காலைப் பிடிக்கிறா. நேற்று கதிரையும் அவவோடு சேர்ந்து சரிந்தது.

கிளினிக்கில் ஒரு டொக்டர் பிள்ளையிடம் உம்மாவைக் காட்டினேன். வயது போகப் போக நாக்கும் மூக்கும் மங்கும், சில குளிசைகளும் ருசியைக் கெடுக்கும் என்று சொல்லி ஒரு குளிசையை மாற்றித் தந்தா. உப்புக்குப் பதிலாகத் தேசிக்காய், மிளகு, கொறுக்காய்ப் புளி போடச் சொன்னா. கொஞ்சம் கொஞ்சமாக முட்டை, மீன், பருப்பு. பிரஷரைவிட நிறை குறைவதுதான் தனக்குப் பயம் என்றும், தனிய இருந்து சாப்பிட விட வேண்டாம் என்றும் சொன்னா.

அந்தக் கடைசிச் சொல் எனக்குப் பட்டது. நம் சொந்தத்தில் ஸாஜிதாவின் கல்யாணத்தில் உம்மா ஐந்து பெண்களோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தா. மச்சி, உங்கட பக்கம் சோறு மலையா நிக்குது, ஏறிப் பாக்கவா வந்தீங்க என்று முஃப்லிஹா மாமி பகடி பண்ணி, இறைச்சியைத் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறா. அன்று உம்மா தின்றாவாம்.

ஆகவே அலுமாரியின் மேலிருந்து நம் சஹனை இறக்கினேன். சோறு, மீன், கொறுக்காய் போட்ட ஆணம். பகல் சாப்பாட்டுக்கு இருவரும் இருந்தோம். மற்றவர் முடிக்கும் முன் கையெடுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். எடுத்தால் அவரும் கூச்சப்பட்டு எழும்பிவிடுவார். எனக்கும் கொஞ்ச காலமாகச் சோறு இறங்குவதில்லை. அதை யாருக்கும் சொல்லவில்லை. உம்மா தின்னட்டும் என்று கையெடுக்காமல் பிசைந்துகொண்டிருந்தேன். அவவும் பிசைந்துகொண்டிருந்தா. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை இருவரும் மரியாதை காத்தோம். பார்த்தால், சோறு வைத்தபடி இருக்கிறது. நீங்க தின்னணும் எண்டுதானே நான் கையெடுக்கல்ல என்று சொல்லிச் சிரித்தா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

மகள், ரமழான் வருகிறது. டொக்டர் வேண்டாம் என்று சொல்லியும் உம்மா நோன்பு பிடிப்பதாக நிற்கிறா. வருஷம் முழுக்கப் பிடிக்கிற உங்களுக்குத் தனியாக ஒரு மாதம் எதற்கு என்று கேட்டேன். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ, மருமகன், பிள்ளைகள் இருவர், நாங்கள் இருவர். ஒரு சஹனுக்குச் சரியான ஆட்கள். பிள்ளைகள் சோற்றைச் சிந்துவார்கள் என்று யோசிக்காதே. சிந்தட்டும், கோழிகளாவது திரும்பி வரும்.

அல்லாஹ் உங்கள் நால்வரின் பசியையும் குறைக்காமல் வைப்பானாக. அந்தப் பசியோடு, நோன்புக்கு முன் வந்து சேருங்கள். அதுவரை நான் சஹனில் இருந்து கையெடுக்க மாட்டேன்.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா
உசனார்