பதினோராவது பெயர்

12 ஜனவரி 2018

அன்பு நண்பன் நாகேந்திரனுக்கு,

டைட்டஸ் எழுதுவது. புனேயில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் என்று எழுதினால் பொய்யாகும். போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் தாள். தாளைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்க உனக்கு மனம் வராது.

நீ கேட்ட அட்டவணை முடியவில்லை. கன்னித் திரளில் ஆயிரத்து முந்நூறு கேலக்ஸிகளுக்கு மேல் இருக்கின்றன. நான் நானூறோடு நிற்கிறேன். நவம்பர் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. எங்கள் சர்ச் பங்கில் என்னை வேறொரு பட்டியலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியல். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பய நீதாம்ல' என்றார்கள். அதில் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

ஆகஸ்டில் நான் செய்த கூத்து நினைவிருக்கும். அந்தத் திரள் ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகிறது. ஆகவே நம்மை நோக்கி வருவது எதுவும் அதைச் சேர்ந்ததாக இருக்காது, குறுக்கே தற்செயலாக நிற்கும் வேற்றாள் என்று முடிவுகட்டி, அத்தனையையும் ஒரே கட்டளையில் வெட்டினேன். 'லேய் மடையா, எம் 86-ஐயும் சேத்து வெட்டிட்டியே' என்று நீ திட்டி எழுதினாய். திரளின் நடுப்பகுதியில் இருக்கும் பெரிய கேலக்ஸிகளில் அது ஒன்று. திரள் இன்னும் அடங்கி அமரவில்லை, உள்ளே ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஓடுகிறது, புதியவை வந்து விழுந்தபடியே இருக்கின்றன, எம் 86 அந்தப் பக்கமிருந்து விழுவதால்தான் நம் பக்கம் வருகிறது, அதன் வாயு பின்னால் வாலாகக் கிழிந்து கிடக்கிறது என்று விளக்கினாய். பிந்தி வந்தாலும் திரளின் ஆள்தான். திருத்தினேன். புத்தி மட்டும் வரவில்லை.

என் அண்ணன் ஷைஜு ஓட்டிப் போன விசைப்படகில் பதினோரு பேர். எத்தனை பேருக்கு அரிசி வாங்குவது என்று பார்க்க, புறப்படும் முன் அவன் எழுதிய துண்டுச்சீட்டு வீட்டில் கிடந்தது. இதோடு நகல் வைத்திருக்கிறேன். கடைசிப் பெயரைப் பார். 'ஐயப்பன், சுசீந்திரம்.' பங்கின் குடும்பப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். பத்துப் பெயர் இருந்தது, இது இல்லை. வயல்காட்டு ஆளுக்கு எங்கள் படகில் என்ன வேலை, புறப்படும் முன்பே இறங்கியிருப்பார் என்று வெட்டிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து அவர் மனைவி அழகம்மை மூன்று பஸ் மாறி வந்தார். கோயில் சுவரில் ஒட்டிய பட்டியலில் விரல் வைத்து மூன்று தடவை படித்தார். இதில் இல்லையென்றால் இல்லைதான் என்று நான் படித்த திமிரில் சொன்னேன். 'அவிய எஞ்சின் பாக்கத்தான் தம்பி போனாவ. பேரு இல்லண்ணு சொல்லுதிய. அப்பம் நான் ஆருக்குப் பெண்டாட்டி?' என்று கேட்டார்.

பெயரைத் திரும்பச் சேர்க்க வழி இருக்கிறது. மற்றவர்களுக்குப் பங்குப் பதிவேடு சாட்சி. இவருக்கு, கடல் வேலைக்குப் போனவர்தான் என்று சொந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விசாரணை அதிகாரி இருபத்தைந்தாம் தேதி வரை அவகாசம் தந்திருக்கிறார். இரண்டு வருடம் முன்புவரை ஐயப்பன் டிராக்டர் ஓட்டியதும் பழுது பார்த்ததும் உங்கள் வயலில்தான். அதனால் உன் அப்பாவிடம் போனேன்.

காபி தந்தார். பிறகு, 'அறுப்பு நேரத்துல சொல்லாம கொள்ளாம போனவனுக்கு நான் எதுக்குடே எழுதணும்? கூட்டிட்டுப் போனவங்க எழுதட்டும்' என்றார். நான் பொறுத்திருக்க வேண்டும். 'உமக்கு ஒரு பூ வெளச்சல் நெல்லுதான போச்சு, அந்த ஆளு செத்தே போயாச்சு' என்று கத்தினேன். 'எந்திரிச்சுப் போடே' என்றார். நியாயம்தான்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. செத்துப்போனார் என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவருக்கும் அண்ணனுக்கும் படகு ஒன்றுதானே.

நாகேந்திரா, எங்கள் படகுக்கான பக்கத்தில் கையெழுத்து விழாத வரி இரண்டு. ஒன்று ஐயப்பனுடையது. மற்றது ஷைஜுவுடையது. இனி வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டு அதில் வீட்டார் போட வேண்டும். அம்மா பேனாவைத் தொட மறுக்கிறாள். 'அவன் வந்துட்டிருக்கான் மக்கா' என்கிறாள். அவன் போனுக்கு ரீசார்ஜ் செய்யச் சொன்னாள். செய்தேன். எம் 86-உம் நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நம்மிடம் சேராது. திரளின் இழுப்பு அதை வழியில் நிறுத்தி, உள்ளேயே திருப்பிக்கொள்ளும். யாரிடமும் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிற நான், இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் அப்பாவிடம் பேசு. நான் கத்தியதற்கு என் பேரில் மன்னிப்புக் கேள். அறுப்பில் விட்டுப்போனது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும், ஆள் யார், எந்த வேலைக்குப் போனார் என்று மட்டும் எழுதித் தரச் சொல். அது வந்த அன்றே ஷைஜுவின் வரியில் நான் கையெழுத்திடுகிறேன். அதுவரை முடியாது. அவன் எழுதியது பதினோரு பேர். பத்துப் பேராக என்னால் அனுப்ப முடியாது.

உன் அப்பாவுக்கு நல்ல ஆயுசும், இந்தத் தை அறுப்பில் களம் நிறைய நெல்லும் கிடைக்கட்டும். அழகம்மை அக்கா நேற்றும் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார். சீக்கிரம் பேசு.

உன்,
டைட்டஸ்