அடைத்த வென்டிலேட்டர்

அப்பாவுக்கு வணக்கம்.

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆனாலும் முதலில் நலம் விசாரிக்க வேண்டுமே. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்னச் சம்பவம். எங்கள் குளியலறைக்கு ஜன்னல் இல்லை. ஈரக்காற்றை வெளியே தள்ளும் ஃபேன் சத்தம் போடுகிறதென்று, என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வெல்டர் அதை அட்டை வைத்து ஒட்டிவிட்டார். கூரையெல்லாம் கரும்பூசணம். "அட்டையை எடுங்க, குளியலறைக்கு வென்டிலேட்டர் வேணும்" என்றேன். "தேய்ச்சா போயிடும் சார். படிச்சவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தார். போன வாரம் அவருக்கே மூச்சு முட்டியது. மருத்துவமனையில், "வென்டிலேட்டர் வைக்கணும்" என்றார்கள். "அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்" என்றேன், குளியலறை நினைப்பில். நர்ஸ் முறைத்தாள். கவலைப்படாதீர்கள், அவர் கண் திறந்துவிட்டார். எனக்கு லேசான இருமல்தான்.

நம் வீட்டுக் குளியலறையிலும் வென்டிலேட்டர் இருந்தது. அண்ணன் தன் மாடிப்படிக்காக அதைச் செங்கல் வைத்து அடைத்தபோது நான் தடுத்தேன். "வந்துட்டாரு பெரிய இன்ஜினியரு" என்றான். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்த ஈரத்தில்தான் அம்மா தினமும் துணி துவைக்கிறாள். சுவரில் கறுப்பு படர்ந்திருக்கிறதாம். பெயிண்ட் அடித்தால் மறையும், போகாது. அந்தச் செங்கலை உடையுங்கள். போனில் சொன்னால் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

முடிந்தால் ஒரு குளியல் துண்டு அனுப்புங்கள். இங்கே எதுவும் காய்வதில்லை. அம்மா மடித்துத் தந்ததாக இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. வழக்கமாக அடியில் 'அன்பு மகன்' என்று எழுதிப் பெயர் போடுவேன். சுவர் உடைந்ததென்று நீங்கள் எழுதும்வரை அதற்கு மனம் வராது. பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.